வர்னாவின் எலும்பில்லாக் கல்லறைகள்: கொள்ளையா, சடங்கா?

பல்கேரியாவின் வர்னா என்னும் பழங்கால இடுகாட்டில் 36-ஆம் எண் கல்லறையில் பொன் இருந்தது, எலும்பு இல்லை; அது கொள்ளையடிக்கப்பட்டதா என்று கேட்டால், கொள்ளை அல்ல என்பதே பதில். அது, உடலை வைக்காமலேயே உரிய மரியாதைகளுடன் மூடப்பட்ட அடையாளக் கல்லறை என்றே கருதப்படுகிறது. குழியைத் தோண்டிய கொள்ளையர்கள் 850-க்கும் மேற்பட்ட பொற்பொருள்களை விட்டுவிட்டு எலும்புகளை மட்டும் எடுத்துச் சென்றிருப்பார்கள் என்பது பொருந்தாது.

காரணம் பெரும்பாலும் உடல் கிடைக்காமற்போனதாக இருக்கலாம். கடலிலோ தொலைவிலோ இறந்தவருக்கும் ஓர் இடம் வேண்டும் என்ற தவிப்பு பழஞ்சமூகங்கள் பலவற்றில் தெரிகிறது. ஏதென்ஸ் நகரத்தார் போரில் இறந்தோரை அடக்கம் செய்தபோது, உடல் மீட்கப்படாதவர்களுக்காக ஒரு வெற்றுப் பாடையையும் சுமந்து சென்றனர். ஆனால் வர்னாவின் 2, 3, 15 ஆகிய கல்லறைகளில், முகம் இருக்க வேண்டிய இடத்தில் பொன் அணிந்த களிமண் முகங்கள் வைக்கப்பட்டிருந்தன. என்னை மிகவும் நெகிழச் செய்பவை இவைதான். இவை குறிப்பிட்ட மனிதர்களுக்கானவையா, தெய்வத்துக்கானவையா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

இத்தகைய கல்லறை கொள்ளை போனதா, எலும்பு கரைந்துபோனதா, தொடக்கத்திலேயே உடலின்றி மூடப்பட்டதா என்று அறிய, அகழாய்வு அறிக்கையைப் படிக்கும்போது இரண்டைச் சரிபாருங்கள்:

1. பொருள்கள் உடலில் அணிந்த வரிசையிலேயே கிடக்கின்றனவா?
2. அதே மண்ணில் பக்கத்துக் கல்லறைகளின் எலும்புகள் எஞ்சியுள்ளனவா? வர்னாவில் எஞ்சியுள்ளன.

ஓர் எச்சரிக்கை: அமில மண் எலும்பை முழுதும் கரைத்துவிடும். இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் 1939-இல் அகழப்பட்ட கப்பல் கல்லறையும் முதலில் வெற்றுக் கல்லறை என்றே கருதப்பட்டது. பின்னர், உடல் கரைந்தபின் மண்ணில் தங்கும் பாஸ்பேட் என்ற வேதிப்பொருளைத் தேடிய ஆய்வுதான் அங்கே ஓர் உடல் இருந்திருக்கக்கூடும் என்று காட்டியது.