அரிசி வண்டின் பழைய பங்காளிகள்

அன்புள்ள ஐயா,

வட பர்மாவின் கச்சின் பகுதி அம்பரில், அதாவது கல்லாய் இறுகிய பழைய மரப்பிசினில், கிடைத்த கூன்வண்டுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘மீசோஃபைலெட்டிடே என்பது அழிந்துபோன ஒரு குடும்பம்’ என்று எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். அது தனிக் குடும்பமே இல்லை, இத்திசெரிடே என்ற குடும்பத்தின் உட்பிரிவு என்று வேறோர் இடத்தில் இருக்கிறது. மோல்மேனில் எங்களுக்கு அரிசிக்கடை. கூன்வண்டைத் தினமும் பார்க்கிறவன் நான். ஒரே பூச்சியை ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் எதை நம்புவது? கடைசியாக முடிவு செய்கிறவர் யார்?

க., மோல்மேன்

அன்புள்ள க.,

அப்படி முடிவு செய்கிறவர் ஒருவரும் இல்லை. விலங்குகளுக்குப் பெயர் வைக்க உலகப் பொதுவான விதிகள் உண்டு. எந்தப் பெயர் செல்லும், எது முந்தியது என்பதை அவை சொல்லும். ஒரு கூட்டத்தைக் குடும்பம் என்பதா, துணைக்குடும்பம் என்பதா என்பதில் அவை தலையிடுவதில்லை. அதை ஆய்வாளர்கள்தான் வாதாடித் தீர்க்க வேண்டும்.

உங்கள் கடை வண்டிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குத் தும்பிக்கை மாதிரி நீண்ட மூக்கு இருக்கிறதல்லவா, வாய் இருப்பது அதன் நுனியில். பெண் வண்டு அரிசியில் குழி போடுவது அந்த வாயால்தான். குழிக்குள் ஒரு முட்டை இட்டு மேலே அடைத்துவிடும். மூக்கின் இரு பக்கமும் உள்ள உணர்கொம்புகளை லென்ஸில் பாருங்கள், முழங்கையை மடக்கினதுபோல் வளைந்திருக்கும். கூன்வண்டுகளில் பழைய குடும்பங்களுக்கு இந்த மடிப்பு இல்லை, கொம்பு நேராக நிற்கும்.

இப்போது கச்சின் அம்பர் கிடைக்கும் ஹுகாங் பள்ளத்தாக்குக்குப் போவோம். அந்த அம்பருக்கு வயது சுமார் 9.9 கோடி ஆண்டு. பர்மியர்கள் அதைப் பயின் என்கிறார்கள். பழந்தமிழிலும் பயின் என்றால் மரப்பிசின். உறவு கொண்டாட நான் வரவில்லை, ஆனால் ரங்கூன் ஸ்காட் மார்க்கெட்டில் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் மனம் குளிர்ந்துபோகும்.

2006-ல் அமெரிக்க அம்பர் ஆய்வாளர் ஜார்ஜ் பாய்னர் அந்த அம்பரில் இருந்த ஒரு கூன்வண்டுக்கு மீசோஃபைலெட்டிஸ் என்று பெயரிட்டார். அதற்கென்று ஒரு துணைக்குடும்பத்தை உண்டாக்கி, எக்கோப்டார்த்ரிடே என்ற குடும்பத்துக்குள் வைத்தார். 2018 கடைசியில் கிளார்க், லிமாயே, மெக்கென்னா, ஓபர்பிரீலர் ஆகிய நால்வரின் பெரிய ஆய்வு வந்தது. துண்டுகளைத் தேய்த்து மெருகேற்றி, சிலவற்றை சிடி ஸ்கேனிலும் வைத்து, 52 புதிய இனங்களை விவரித்திருந்தார்கள். தனிக் குடும்பம் என்று உயர்த்தியது அவர்கள்தான். ரஷ்ய ஆய்வாளர் லெகாலோவ் அதை ஏற்காமல் இத்திசெரிடேக்குள் சேர்க்கிறார். நீங்கள் பார்த்தது அவருடைய கணக்கு.

எழுத்தில் பார்த்தால், பெயர் குடும்பத்துக்குரிய ‘டே’யில் முடிவதா, துணைக்குடும்பத்துக்குரிய ‘னே’யில் முடிவதா என்பதுதான் வித்தியாசம். ஆனால் இத்திசெரிடேக்குப் பெயர் கொடுத்த வண்டு வட அமெரிக்காவின் கிழக்கில் இன்றும் உயிரோடு இருக்கிறது. லெகாலோவ் சொல்வது சரியென்றால் கச்சின் வண்டுகளுக்கு ஒரு பங்காளி மிச்சம். நால்வர் சொல்வது சரியென்றால், இலைசுருட்டி வண்டுகளான அட்டெலாபிடேக்கு அவை நெருக்கம், ஆனால் அந்த வீட்டுக்குள் அடங்காதவை. அந்த வம்சத்தில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

நான் நால்வர் பக்கம். அவர்கள் பார்த்த மாதிரிகள் அதிகம் என்பது ஒரு காரணம். அதைவிட, அம்பருக்குள் உடல் நசுங்கி உருமாறியிருப்பது எப்படியெல்லாம் கண்ணை ஏமாற்றும் என்பதையும் எடுத்து எழுதினார்கள். இத்தனை பழைய அம்பரில் மரபணு மிஞ்சுவதில்லை. வடிவத்தை மட்டும் நம்பிப் பங்காளியைத் தேடும்போது அந்தக் கவனம் ரொம்ப முக்கியம். அப்புறம், அவர்கள் காட்டிய உடலமைப்பு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உங்கள் கடை வண்டைப்போல மடங்கிய கொம்பு இருக்கிறது. மூக்கு நீளம், தாடையின் பற்கள் வெளிப்பக்கம். அக்காலத்தில் புதிதாகப் பரவிவந்த பூக்கும் செடிகளின் பூவிலோ விதையிலோ இவை முட்டையிட்டிருக்கும் என்பது அவர்கள் முடிவு. உங்கள் கடையில் நடக்கும் அதே வேலை, அரிசி என்று ஒன்று வருவதற்கு முன்பே.

ஆனாலும் என் கட்டுரையில் ‘அழிந்துபோன ஒரு குடும்பம்’ என்று ஒரே அடியாக எழுதியது தவறு. யார் கணக்குப்படி என்று சொல்லியிருக்க வேண்டும். திருத்திவிட்டேன், நன்றி.

எனக்கு மனக்கஷ்டம் வேறு ஒன்று. அந்த அம்பர் கச்சின் மக்கள் குழி தோண்டி எடுத்தது. 2017-லிருந்து சுரங்கப் பகுதியில் சண்டை. அம்பரை விற்ற பணம் அந்தச் சண்டைக்குப் போகிறது என்பதால், 2017 ஜூனுக்குப் பிறகு வாங்கிய பர்மா அம்பர் பற்றிய கட்டுரைகளை நிறுத்திவைக்கும்படி 2020-ல் முதுகெலும்பிப் புதைபடிவ ஆய்வாளர்களின் சங்கம் ஆய்விதழ்களைக் கேட்டுக்கொண்டது. கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன். வண்டுகள் வெளிநாட்டு அலமாரிகளுக்குப் போய்விட்டன. இந்த வழக்கில் நீங்களோ நானோ ஒரு வார்த்தை பேச வேண்டுமானால் பாஸ்போர்ட் வேண்டும்.

ரங்கூன் வரும்போது சொல்லுங்கள், நல்ல லென்ஸ் ஒன்று இருக்கிறது. வண்டு விழுந்த அரிசி ஒரு பிடி எடுத்துவாருங்கள்.