‘டெல்டா ரேட்’ என்று சொல்லி ஏசி வேலைக் கூலியைக் குறைக்க முடியுமா?

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் ஏசி ஒப்பந்த வேலை செய்கிறேன். மயிலாடுதுறை அருகே ஒரு கல்யாண மண்டபத்தில் 14 ஸ்பிளிட் ஏசி, 4 கேசட் ஏசி மாட்டிக் கொடுத்தேன். வேலை கொடுத்தது சென்னையில் உள்ள ஓர் உள்ளலங்கார நிறுவனம். மெஷின் அவர்களுடையது, காப்பர் பைப், இன்சுலேஷன், ஸ்டாண்ட், வடிகால் குழாய், ஆள் கூலி எல்லாம் என்னுடையது. ரேட் கேட்டதற்கு, “ஆரம்பிங்க, பாத்துப் போட்டுக்கலாம்” என்று வாட்ஸ்அப்பில் எழுதினார்கள். சென்னையில் அவர்களுக்கு நான் முன்பு செய்த இரண்டு வேலைகளுக்குத் தந்த ரேட்டையே வைத்து 3,40,000 ரூபாய்க்கு பில் கொடுத்தேன். 1,90,000 மட்டும் போட்டுவிட்டு, “டெல்டாவில் கூலி இவ்வளவுதான், சென்னை ரேட் அங்கே செல்லாது” என்கிறார்கள். நான்கு மாதம் ஆகிவிட்டது. பையன்களுக்குச் சம்பளம் தர மனைவியின் செயினை அடகு வைத்திருக்கிறேன். அறுவடை மெஷினுக்கு கலெக்டர் ரேட் வைக்கிறார், எங்களுக்கு அப்படி எதுவும் இல்லையா? நாங்களே சங்கம் கூடி ஒரே ரேட் போடலாமா? மண்டபத்துக்குப் போய் கேஸை இறக்கிவிட்டு வந்தால் பணம் வருமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மண்டபத்துப் பக்கம் போகாதீர்கள். வால்வைத் திறந்து கேஸை விட்டால் அந்த நிமிடமே நீங்கள் பாக்கி கேட்பவர் என்பது போய், சொத்தைச் சேதப்படுத்தியவர் ஆகிவிடுவீர்கள். அத்துமீறி நுழைந்ததாகவும் புகார் வரும். மண்டபக்காரர் அந்த நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து முடித்திருக்கலாம். அவருக்கும் உங்களுக்கும் நேரடி ஒப்பந்தம் கிடையாது. உங்கள் கையில் இப்போது நல்ல வழக்கு இருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஊருக்கு ஊர் நியாயமான கூலி என்பது நம் டெல்டாவுக்குப் புதிய பேச்சு இல்லை. 1968-ல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் போன பிறகு, கணபதியா பிள்ளை ஆணையம் கீழத் தஞ்சையின் விவசாயக் கூலிப் பிரச்சினையை ஆராய்ந்தது. 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. ஒரு வட்டாரத்துக்கென்றே கூலியைச் சட்டம் எழுதிய மண் இது. ஆனால் அது கூலிக்கு உழைக்கும் தொழிலாளிக்கான சட்டம். இன்றும் பகுதி பார்த்துக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிப்பது தொழிலாளிக்குத்தான். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும், திறமையையும் புவியியல் பகுதியையும் பார்த்து அரசு ஊதியம் நிர்ணயிக்கலாம் என்கிறது. அதன் பாதுகாப்பு உங்களிடம் வேலை செய்யும் பையன்களுக்கு உண்டு. கம்பெனி உங்களுக்குப் பாக்கி வைத்தது என்பதற்காக அவர்கள் சம்பளத்தை நிறுத்த முடியாது. செயினை அடகு வைத்தாவது நீங்கள் கொடுத்தீர்களே, அது சட்டப்படியும் சரி, மனிதராகவும் சரி.

நீங்கள் ஒப்பந்தக்காரர். உங்கள் ரேட்டை நிர்ணயிக்க அரசாணை கிடையாது. அறுவடை இயந்திர வாடகை என்பது விவசாயிகள், இயந்திர உரிமையாளர்கள், அதிகாரிகள் சேர்ந்து உட்கார்ந்து சீசனுக்குச் சீசன் பேசி முடிப்பது. ஏசி வேலைக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

சரி, விலையே பேசாமல் செய்த வேலைக்கு என்ன கணக்கு? இங்கேதான் அந்த நிறுவனம் தப்புக் கணக்குப் போடுகிறது. “பாத்துப் போட்டுக்கலாம்” என்றால், அவர்கள் மட்டும் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவைப் பாருங்கள். ஒருவர் சட்டப்படியான ஒரு வேலையை, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் இன்னொருவருக்குச் செய்து, அதன் பலனை அந்த இன்னொருவர் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுத்தாக வேண்டும். மேற்கு வங்கத்தில் அதிகாரிகள் கேட்டுக்கொண்டதால் பி.கே. மண்டல் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனம் சேமிப்புக் கொட்டகைகள் கட்டிக் கொடுத்தது. முறையான ஒப்பந்தமே இல்லை என்று அரசு கைவிரித்தது. உச்ச நீதிமன்றம் இந்த 70-ஆவது பிரிவை வைத்துத்தான் பணம் கொடுக்கச் சொன்னது. அரசே தப்ப முடியவில்லை.

ஆக, நீதிமன்றம் கேட்கப்போவது ஒன்றே: இந்த வேலைக்கு, இந்த இடத்தில், நியாயமான தொகை எவ்வளவு? ‘டெல்டா ரேட்’ என்று அவர்கள் சொன்னதால் அது டெல்டா ரேட் ஆகிவிடாது. அதே சமயம், நீங்கள் சொன்னதால் சென்னை ரேட்டும் ஆகாது. உண்மையைச் சொன்னால், கூலியில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு என்பதை நீதிபதி ஏற்பார். மத்தியப் பொதுப்பணித் துறையே டெல்லி விலைப் பட்டியலை அடிப்படையாக வைத்து, மற்ற ஊர்களுக்கு விலைக் குறியீடு போட்டு ஏற்றி இறக்குகிறது. அதனால் மொத்தத் தொகைக்காக மல்லுக்கட்டாமல் பில்லைப் பிரித்து எழுதுங்கள். காப்பர் பைப்புக்கும் இன்சுலேஷனுக்கும் டெல்டா விலை என்று தனியாக ஒன்று இல்லை. நீங்கள் வாங்கிய கடை பில்தான் விலை. வண்டி வாடகை தனி. சுவரில் துளை போட்டது, உயரத்தில் சாரம் கட்டி நின்றது, நைட்ரஜன் விட்டு லீக் பார்த்தது, வேக்கம் போட்டது, மீதி கேஸ் ஏற்றியது என்று ஒவ்வொன்றும் தனி வரியாக வரட்டும். இப்படிப் பிரித்துவிட்டால் ஊர் வித்தியாசம் ஆள் கூலி என்கிற ஒரே வரியில்தான் நிற்கும். 1,50,000 ரூபாய் முழுவதையும் ‘ஊர் வித்தியாசம்’ என்ற ஒரு சொல்லில் அவர்களால் விழுங்க முடியாது.

அந்தக் கூலி வரிக்குச் சாட்சி சேருங்கள். அவர்களே முன்பு தந்த இரண்டு பில் இருக்கிறதே, அதுதான் முதல் ஆயுதம். அப்புறம் கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறையில் வேறு வாடிக்கையாளர்களுக்கு நீங்கள் செய்த வேலைகளின் பில்கள், அந்தப் பணம் வந்ததற்கான வங்கிக் கணக்கு விவரம், இந்தப் பக்கம் தொழில் செய்யும் வேறு இரண்டு ஒப்பந்தக்காரர்களின் விலைப்புள்ளி, மாநிலப் பொதுப்பணித் துறையின் விலைப் பட்டியல். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது.

இனி பணத்தை வாங்கும் வழி. கடிதத்தோடு நீங்கள் இணைத்த தாள்களில் உத்யம் (Udyam) பதிவுச் சான்று ஒன்று இருந்தது, குறு, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் பதிவு அது; வங்கிக் கடனுக்காக எடுத்திருக்கிறீர்கள். அதன் மதிப்பு உங்களுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர், எழுத்தில் தவணை பேசாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி 18 சதவீதம். வேலை முடிந்த 15 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் குறை சொல்லவில்லை என்றால், ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். உங்களிடம் அவர்கள் ரேட்டைத்தான் சொன்னார்கள், வேலையில் குறை சொல்லவில்லை.

அந்தச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின் கீழ், இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்க மன்றத்தில் மனுச் செய்யலாம். வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும், விற்றவர் இருக்கும் இடத்து மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் சென்னைக்கு அலைய வேண்டாம், அவர்கள்தான் இங்கே வர வேண்டும். தஞ்சாவூர் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் எங்கே, எப்படி மனுச் செய்வது என்று சொல்வார்கள். மன்றத்தின் உத்தரவை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் போவதென்றால் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும் என்று 2021-ல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. உங்கள் சான்றின் தேதி வேலைக்கு ஓராண்டு முந்தையது, அதனால் அந்தக் கவலை இல்லை.

ஓர் ஆட்சேபம் வரும். பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்த வேலை இந்தச் சட்டத்தில் வராது என்பார்கள். சில உயர் நீதிமன்றங்கள் அதை ஏற்றிருக்கின்றன. எனவே சிவில் வழக்கின் கதவையும் திறந்து வையுங்கள். பணம் தரும் தேதி பேசாத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு காலக்கெடு. மண்டபம் மயிலாடுதுறை அருகே என்பதால் அங்குள்ள முன்சீஃப் நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யலாம். பாக்கி 3 லட்சத்துக்குக் கீழ் என்பதால் வணிக நீதிமன்றம் வராது. அதற்கும் முன்னால், சட்டப் பணிகள் குழு மூலம் மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். கட்டணம் இல்லை, சமரசம் ஆனால் அதற்கு மேல்முறையீடும் இல்லை.

சங்கம் கூடி ஒரே ரேட் போடுவது பற்றிக் கேட்டீர்கள். உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் செய்யாதீர்கள். ஒரே தொழில் செய்பவர்கள் சேர்ந்து விலையை நிர்ணயிப்பது 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவுக்கு எதிரானது. வருவாயில் 10 சதவீதம் வரை அபராதம் போட அதில் இடமிருக்கிறது. மருந்து வணிகர் சங்கங்களே இந்தச் சட்டத்தின் கீழ் நடவடிக்கையைச் சந்தித்திருக்கின்றன. பெரிய கம்பெனி தனியாளை நசுக்கும்போது, சிறிய ஆட்கள் சேர்ந்தால் தப்பா என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி; என் மனமும் உங்கள் பக்கம்தான். சட்டம் இன்று அப்படி இல்லை. சங்கம் செய்யக்கூடியது வேறு உண்டு: எல்லோரும் பயன்படுத்த ஒரு வேலை ஆணைப் படிவம், பில்லை வரிவரியாகப் பிரிக்கும் முறை, முன்பணம் இல்லாமல் பொருள் இறக்குவதால் வரும் ஆபத்தைப் பற்றிப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. தொகையை மட்டும் அவரவர் எழுதட்டும்.

உடனே செய்ய வேண்டியது இது. இன்றைக்கே அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: “நீங்கள் அனுப்பிய 1,90,000 ரூபாயைப் பகுதித் தொகையாகவே பெற்றுக்கொண்டேன். மீதி 1,50,000 ரூபாய் பாக்கி.” முழுக் கணக்கும் தீர்ந்தது என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், சீக்கிரம் ஒரு சிறு தொகை தருகிறோம் என்று அப்படியொரு தாளை நீட்டுவார்கள். பிரித்து எழுதிய பில்லோடும் உத்யம் சான்றின் நகலோடும் வக்கீல் நோட்டீஸை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, 15 நாள் கெடு கொடுங்கள். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த விவரத்தைப் பிரிண்ட் எடுத்து அந்தப் பில்லோடு சேர்த்துப் பின் பண்ணி வையுங்கள்.