நிலாவைப் பார்த்து டிக்கெட் எடுங்கள்: கொரியப் பயணம் பற்றி வாசகர் கேள்விகள்

பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை விட்டதும், 2026 செப்டம்பர் கடைசியில் சியோல் போகலாம் என்றிருக்கிறோம். அப்போது பெரிய பண்டிகை வருகிறதாமே, போகலாமா?
வாசகி, பாளையங்கோட்டை

தாராளமாகப் போகலாம். ஆனால் நாள் கணக்கு தெரிந்து போக வேண்டும். வருவது சுசொக். நிலாக் கணக்கில் எட்டாம் மாதத்தின் பதினைந்தாம் நாள். 2026-ல் செப்டம்பர் 25. முந்தின நாளும் மறுநாளும் சேர்ந்து மூன்று நாள் விடுமுறை. பொங்கலுக்கு முதல் நாள் சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் தேடினால் என்ன ஆகுமோ, அதுதான் அங்கே கேடிஎக்ஸ் ரயிலிலும். எல்லாரும் சொந்த ஊருக்குப் போவார்கள். டிக்கெட் பல வாரம் முன்பே தீர்ந்துவிடும். அந்த மூன்று நாளும் சியோலிலேயே இருங்கள். பூசான், கியோங்ஜு பயணத்தை முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள். பண்டிகையன்று சந்தைகளும் சிறு கடைகளும் பெரும்பாலும் அடைத்திருக்கும், அதனால் துணிமணி வாங்குவதை 23-ஆம் தேதிக்குள் முடித்துவிடுங்கள். அரண்மனைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அண்மை ஆண்டுகளில் சுசொக் விடுமுறைக்கு இலவசமாகவே திறந்து வைத்திருக்கிறார்கள்.

புது அரிசியில் முன்னோருக்குப் படையல் போட்டு, கல்லறைக்குப் போய்க் கும்பிடுவதுதான் சுசொக்கின் உயிர். அது குடும்பத்துக்குள் நடப்பது, விருந்தாளி கண்ணில் படாது. கையில் கிடைப்பது சொங்ப்யொன். நம் கொழுக்கட்டைக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம். அரிசிமாவில் கொதிக்கிற வெந்நீர் விட்டுப் பிசைந்து, எலுமிச்சை அளவு உருட்டி, எள்ளும் சர்க்கரையுமோ பயறோ வைத்து, பிறை வடிவில் மூடி, பைன் ஊசியிலைகளைப் பரப்பி அதன்மேல் வேகவைப்பார்கள். இலையின் மணம் மாவில் ஏறுவதோடு ஒன்றோடொன்று ஒட்டாமலும் இருக்கும். வெந்ததும் வறுத்த எள்ளில் ஆட்டிய எண்ணெயைத் தடவுவார்கள். காலையில் வாங்கியதை மாலைக்குள் சாப்பிட்டுவிடுங்கள். அரிசிமாவு ஆற ஆற இறுகும், குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் சீக்கிரம் கல்லாகிவிடும். ஊருக்குக் கொண்டுவர ஏற்ற பண்டம் அல்ல.

திருவிழாக் கூட்டத்தோடு நடந்து பார்க்கத்தான் ஆசையென்றால், புத்தர் பிறந்தநாளையொட்டிய தாமரை விளக்கு விழாவுக்குப் போங்கள். பெரும்பாலும் மே மாதத்தில் வரும், நம் கோடை விடுமுறைக்குத் தோதாக இருக்கும். சியோலின் ஜொங்னோ சாலையில் ஆயிரக்கணக்கான காகித விளக்குகள் ஊர்வலமாக வரும். ஓரத்தில் நின்று பார்க்கக் காசு வேண்டாம். யுனெஸ்கோ 2020-ல் தன் பட்டியலில் சேர்த்த விழா இது.

நாங்கள் சுத்த சைவம். கிம்ச்சியும் காய்கறிதானே, அதை வைத்துச் சமாளிக்கலாமா?
வாசகர், தென்காசி

முடியாது. கிம்ச்சி புளிக்க உப்புப் போட்ட சின்ன இறாலையோ மீன் சாற்றையோ சேர்ப்பதுதான் வழக்கம். காய் மட்டுமே மிதக்கிற சூப்பிலும் அடிச்சாறு பெரும்பாலும் நெத்திலிக் கருவாட்டை வேகவைத்து எடுத்ததாக இருக்கும்.

“கோகி பே ஜுசேயோ” என்றால் இறைச்சி போடாதீர்கள் என்று பொருள். அங்கே கோகி என்றால் ஆடு, மாடு, பன்றி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மீனும் இறாலும் அந்தச் சொல்லில் அடங்காது. எனவே இறைச்சி, மீன், இறால், முட்டை, மீன் சாறு எதுவும் வேண்டாம் என்று கொரிய எழுத்தில் எழுதிய சீட்டைப் போனில் வைத்துக் காட்டுங்கள். பிபிம்பாப் (காய்கறி சேர்த்துப் பிசையும் சோறு) கேட்டால் மேலே வைக்கும் முட்டையையும் மறக்காமல் சொல்லுங்கள். முழு நிம்மதி வேண்டுமானால், சியோலில் இன்சாதொங் பக்கம் பௌத்த மடத்துச் சமையல் பரிமாறும் உணவகங்கள் இருக்கின்றன. அதில் பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது.

கொரியர்களின் மரபு உடையான ஹன்பொக் உடுத்திப் போனால் அரண்மனைக்குள் இலவசமாமே? பட்டுச்சேலைக்கும் அந்தச் சலுகை உண்டா?
வாசகி, அம்பாசமுத்திரம்

சேலைக்குக் கிடையாது. ஹன்பொக்கிலும் மேல்சட்டை, பாவாடை (ஆண்களுக்குக் கால்சட்டை) இரண்டும் இருந்தால்தான் சலுகை. கியோங்போக்குங் அரண்மனைக்குச் சாதாரணக் கட்டணம் 3,000 வொன் (கொரியப் பணம்). செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை; சாங்தொக்குங் அரண்மனைக்குத் திங்கள். வாடகைக் கடையில் முன்பணமாகக் காசு கொடுங்கள், பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு வராதீர்கள். சட்டை முடிச்சில் ஒரு சுருக்குத்தான் வர வேண்டும். ஷூ லேஸ் மாதிரி இரண்டு பக்கமும் சுருக்குப் போட்டால் கட்டத் தெரியாதவர் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

எங்கள் ஊர்ப் பாய் போல அங்கும் நெய்கிறார்களாமே?
வாசகர், பத்தமடை

ஆமாம். இஞ்சொனைச் சேர்ந்த காங்ஹ்வா தீவில் நெய்யும் ஹ்வாமுன்சொக், அதாவது பூப்போட்ட பாய். அவர்கள் வாங்கோல் என்று சொல்லும் புல்லும் நம் கோரையின் குடும்பம்தான். சாயம் ஏற்றிய கோரையை மேலே சேர்த்துச் சேர்த்துப் பூவும் கொக்கும் புலியும் கொண்டுவருகிறார்கள். இதற்கென்றே அந்தத் தீவில் ஒரு காட்சியகம் இருக்கிறது. நெசவு தெரிந்த கண்ணோடு நீங்கள் பார்ப்பதுபோல் மற்றவர்களால் பார்க்க முடியாது, ஒரு பகல் ஒதுக்குங்கள்.

பெரிய பாயை விமானத்தில் கொண்டுவருவது சிரமம். மூடி போட்ட கூடை, சிறு தட்டி வாங்குங்கள். பாயே வேண்டுமென்றால் சுருட்டித்தான் வாங்க வேண்டும், மடித்தால் தண்டு ஒடியும். ஐப்பசி மழைக்கு முன் நிழலில் உலர்த்தி வையுங்கள், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும்.

வரியைத் திருப்பித் தருவார்கள் என்கிறார்களே, எப்படி வாங்குவது?
வாசகர், திருநெல்வேலி டவுன்

டாக்ஸ் ஃப்ரீ பலகை உள்ள கடையில் குறைந்தது 15,000 வொன்னுக்கு வாங்கி, அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். பல கடைகளில் அங்கேயே கழித்துக்கொள்வார்கள். இல்லையென்றால் தனி ரசீது தருவார்கள், அதைப் பத்திரப்படுத்துங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் நாட்டைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

பலர் தவறுவது விமான நிலையத்தில்தான். பெட்டியைக் கவுண்ட்டரில் போடுவதற்கு முன்பே ரசீதுகளை வரி திருப்பித் தரும் இயந்திரத்தில் காட்டுங்கள். தொகை பெரிதாக இருந்தால் சுங்க அதிகாரி பொருளைப் பார்க்கக் கேட்பார். பெட்டி அதற்குள் போயிருந்தால் காட்ட ஒன்றும் இருக்காது. சீல் உடைத்த கிரீம் டப்பாவாலும் சிக்கல் வரும். பத்து சதவீத வரி முழுவதும் கைக்கு வராது: 1,10,000 வொன் விலையில் வரி 10,000, அதிலும் சேவைக் கட்டணம் போக மீதிதான்.

நம்தேமுன், குவாங்ஜாங் சந்தைகளின் சிறு கடைகளில் இந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். அங்கே ரொக்கம் கொடுத்து, நாலைந்து சேர்த்து வாங்கினால் விலை குறையும். கிம்ச்சியையும் கோச்சுஜாங் மிளகாய் விழுதையும் கைப்பையில் வைக்காதீர்கள். திரவக் கணக்கில் சேர்த்து, 100 மில்லிக்கு மேல் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். பெட்டிக்குள் வைக்கும் கிம்ச்சியைக் கிளம்பும் நாளில் வாங்குங்கள். புளிக்கப் புளிக்கப் பை உப்பிச் சேலையெல்லாம் சாறாகிவிடும்.