ஷேடோ ஸ்டாக்குக்கு டீபக்கரில் தனிக் கட்டளை வேண்டுமா?

கேள்வி இதுதான்: சிபியுவே பராமரிக்கிற ஷேடோ ஸ்டாக்கை (ரிட்டர்ன் முகவரிகளின், அதாவது ஃபங்ஷன் முடிந்ததும் திரும்ப வேண்டிய இடங்களின், தனி நகல்) பார்க்க, டீபக்கரில் (புரோகிராமை நிறுத்தி ஆராயும் கருவி) புதிதாக ஒரு கட்டளை வைக்கலாமா, இல்லை யார் யாரை அழைத்தார்கள் என்று காட்ட ஏற்கெனவே இருக்கிற பேக்டிரேஸ் கட்டளையிலேயே ஒரு ஆப்ஷன் சேர்த்தால் போதுமா?

ஆப்ஷன் போதும். ஆனால் என்னைக் கேட்டால் காட்டுவதெல்லாம் இரண்டாவது வேலை. ஏற்கெனவே இருக்கிற கட்டளைகள் ஷேடோ ஸ்டாக்கோடு ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒரு சர்வர் புரோகிராமில், ஒரு ஃபங்ஷனை ஓடவிடாமல் தாண்டிப் போகலாம் என்று டீபக்கரில் ரிட்டர்ன் கட்டளை கொடுத்தேன். பத்து வருடமாகக் கொடுக்கிற கட்டளைதான். கன்டினியூ என்றதும், அழைத்த ஃபங்ஷன் முடிகிற இடத்தில், திரும்பிப் போகச் சொல்லும் ரெட் (ret) இன்ஸ்ட்ரக்‌ஷன் மேலேயே சிக்செக்வ் (SIGSEGV, வழக்கமாகத் தவறான மெமரி அணுகலுக்கு வரும் சிக்னல்). மெமரியில் எங்கோ கோளாறு என்று அரை நாள் தேடினேன். கோளாறு எதுவுமில்லை. எங்களிடம் இருந்த பழைய டீபக்கர் சாதாரண ஸ்டாக் பாயின்டரை மட்டும் மேலே நகர்த்திவிட்டு, ஷேடோ ஸ்டாக் பாயின்டரை அப்படியே விட்டிருந்தது. ரெட் வரும்போது சிபியு இரண்டு ஸ்டாக்கிலும் இருக்கிற ரிட்டர்ன் முகவரிகளை ஒப்பிடுகிறது, பொருந்தவில்லை என்றால் கன்ட்ரோல் புரொடெக்‌ஷன் ஃபால்ட், அதைத்தான் லினக்ஸ் சிக்செக்வ் ஆக்கி அனுப்புகிறது.

சரி, ஷேடோ ஸ்டாக் பாயின்டரிலும் ஃபிரேமுக்கு (பேக்டிரேஸில் ஒரு ஃபங்ஷன் அழைப்பைக் காட்டும் வரி) 8 பைட் என்று கூட்டிவிட்டால் ஆயிற்றே என்று தோன்றும். ஆகாது. இன்லைன் ஆன, அதாவது அழைக்கிற ஃபங்ஷனுக்குள்ளேயே கம்பைலர் கரைத்துவிட்ட, ஃபங்ஷனுக்குக் கால் (call) இன்ஸ்ட்ரக்‌ஷனே கிடையாது, அதனால் ஷேடோ ஸ்டாக்கில் பதிவும் இருக்காது. பேக்டிரேஸில் ஐந்து ஃபிரேம் தெரிந்தால் அங்கே மூன்றுதான் இருக்கலாம். டீபக்கரிலிருந்தே ஒரு ஃபங்ஷனை அழைத்துப் பார்க்கிறோமே, அதிலும் இதே தலைவலி, போலி ரிட்டர்ன் முகவரியை இரண்டு ஸ்டாக்கிலும் வைக்க வேண்டும். இன்ஸ்ட்ரக்‌ஷனை வேறிடத்துக்கு நகலெடுத்து அங்கே ஓட்டுகிற டிஸ்பிளேஸ்டு ஸ்டெப்பிங் இன்னும் மோசம்: நகலெடுத்தது கால் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்றால் அந்தத் தற்காலிக இடத்தின் முகவரி இரண்டிலும் ஏறிவிடும், இரண்டையும் திருத்த வேண்டும்.

அப்புறம் காட்டும் விஷயம். ஷேடோ ஸ்டாக்கைக் காட்ட, ஸ்டாக்கில் ஒவ்வொரு ஃபிரேமும் எங்கே என்று சொல்லும் அன்வைண்ட் தகவலே தேவையில்லை, வரிசையாக 8 பைட் எண்கள், அவ்வளவுதான். பஃபர் வழிந்து ரிட்டர்ன் முகவரி அழிந்து, சாதாரண பேக்டிரேஸ் இரண்டாவது வரியிலேயே கேள்விக்குறி போட்டு நின்றுவிடும் நேரத்தில் இதன் அருமை தெரியும். யார் யாரை அழைத்தார்கள் என்பது இங்கே கலையாமல் இருக்கும்.

ஆனால் எல்லாப் பதிவும் ரிட்டர்ன் முகவரி இல்லை. எக்ஸ்86இல் (இன்டெல், ஏஎம்டி சிபியு வகை) சிக்னல் வந்தால் கெர்னல் பழைய ஷேடோ ஸ்டாக் பாயின்டரை 63ஆம் பிட்டை ஏற்றி அங்கே வைக்கும். அதை முகவரி என்று நினைத்து ஃபங்ஷன் பெயர் தேடக் கூடாது, தேவையில்லை என்று மறைக்கவும் கூடாது. "இது சிக்னல் பதிவு" என்று ஒரு வரி போட்டால் போதும். ஃபிரேம் எண்ணையும் சாதாரண பேக்டிரேஸின் எண்ணோடு வலிந்து பொருத்தாதீர்கள், மேலே சொன்ன இன்லைன் காரணத்தால் அது பொய் சொல்லும். இரண்டும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று குறித்துக் காட்டினால் அதுதான் எனக்குப் பிடித்த வடிவமைப்பு.

ஆப்ஷன் பெயரில் இன்டெல்லின் செட் (CET, ஷேடோ ஸ்டாக் அடங்கிய அதன் பாதுகாப்பு வசதி) என்று எதையும் நுழைக்காதீர்கள். லினக்ஸ் 6.6இல் எக்ஸ்86 ஷேடோ ஸ்டாக் வந்தது, 6.13இல் ஆர்ம் சிபியுக்களின் ஷேடோ ஸ்டாக்கான கார்டட் கன்ட்ரோல் ஸ்டாக் வந்துவிட்டது. ஒரே பேக்டிரேஸ் ஆப்ஷன் இரண்டுக்கும் வேலை செய்ய வேண்டும், ரெஜிஸ்டர் பெயர் வேறு என்பது பயனருக்குத் தெரியவே வேண்டாம்.

இப்போதே அவசரம் என்றால் ஜிடிபி (GDB) டீபக்கரின் 17ஆம் பதிப்பைப் போடுங்கள். எக்ஸ்86இல் ஷேடோ ஸ்டாக் பாயின்டரான பிஎல்3_எஸ்எஸ்பி (pl3_ssp) என்ற ரெஜிஸ்டர் தெரியும்; அது காட்டும் இடத்திலிருந்து மெமரியைக் காட்டும் எக்ஸ் (x) கட்டளையில் எட்டுப் பதிவை முகவரிக்கான 'ஏ' (a) வடிவத்தில் கேட்டால் ஃபங்ஷன் பெயரோடே வரும். நான் இன்னும் அப்படித்தான் பார்க்கிறேன்.