விசிட் விசாவில் பஹ்ரைனுக்கு மீன்பிடிக்கப் போகலாமா?

கேள்வி: தொண்டிப் பக்கம் ஊர். பஹ்ரைனில் லாஞ்சு (மீன்பிடிப் படகு) வேலை இருக்கிறது, 1,20,000 ரூபாய் கட்டு, முதலில் விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஒரு சொந்தக்காரர். நம்பலாமா?

போகாதே தம்பி. வெளிநாடே போகாதே என்று சொல்லவில்லை. விசிட் விசாவில் போகாதே.

எனக்கு ஊர் பாம்பன். நான் வேலை பார்த்த விசைப்படகை இலங்கைக்காரன் பிடித்தான். ஆட்களை விட்டார்கள், படகு வரவில்லை. ஓனரிடம் வாங்கிய அட்வான்ஸ் தலைமேல் நின்றது. அந்த நேரம் பார்த்து மாமா முறை வேண்டிய ஒருவர் வந்து, உன் சொந்தக்காரர் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார். மாதம் 25,000, ரூம், சாப்பாடு. மனைவியின் நகையை அடகு வைத்து 2019-ல் போனேன்.

பஹ்ரைனின் முஹர்ரக்கில் இறங்கிய அன்றே கபீல், அதாவது அங்கே நமக்குப் பொறுப்பேற்கிற முதலாளி, பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். அந்த ஊர்ச் சட்டப்படியே அது தப்பு என்பது அப்போது தெரியாது. அப்புறம் சம்பளம் கிடையாது, பங்குதான் என்றார்கள். டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் கழித்து மிஞ்சுவதில் பங்கு. இரண்டு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தால் நான்தான் அவருக்குத் தர வேண்டுமாம். மீன் குறைந்தபோது எல்லை தாண்டி கத்தார் பக்கம் போகச் சொன்னார்கள். பிடிபட்டால் ஜெயில் கடலில் நிற்கிறவனுக்கு, கரையில் இருக்கிற கபீலுக்கு இல்லை. எந்தக் கடல் எல்லைக் கோட்டுக்குப் பயந்து ஊரை விட்டேனோ, அதே கோடு அங்கேயும் இருந்தது.

விசா தேதி முடிந்ததும் கடைத்தெருவுக்குப் போகவே பயம். அங்கே போய் ஒன்பதாவது மாதம் நம் ஊர் ஆட்கள் சிலர் என்னை மனாமாவில் இந்தியத் தூதரகம் நடத்தும் ஓபன் ஹவுஸ் என்ற குறைகேட்பு கூட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். பாஸ்போர்ட் இல்லாதவன் ஊர் திரும்பத் தருகிற அவுட்பாஸில் வந்து சேர்ந்தேன். சம்பள பாக்கியைக் கேட்க முடியவில்லை. நான் அங்கே வேலை பார்த்தேன் என்பதற்கே ஒரு துண்டுக் காகிதம் இல்லையே.

ஏன் விசிட் விசா வேண்டாம் என்று சொல்கிறேன் கேள். பத்தாம் வகுப்பு தேறாதவனுக்கு இ.சி.ஆர். பாஸ்போர்ட், அதாவது வேலைக்குப் போகுமுன் அரசு சரிபார்க்க வேண்டிய பாஸ்போர்ட், தருவார்கள். அதை வைத்துக்கொண்டு வளைகுடாவுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். 1983 குடிபெயர்வுச் சட்டம் அது. வேலை ஒப்பந்தம், சம்பளம், முதலாளி பெயர் எல்லாம் அப்போது அரசாங்கத்திடம் பதிவாகிவிடும், 10 லட்சம் ரூபாய் இன்சூரன்ஸும் உண்டு. சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று போனால் இது எதுவும் தேவையில்லை. ஏஜென்ட்டுக்கு வேண்டியதும் அதுதான். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். உன்னிடம் 1,20,000 கேட்கிறார் என்பதிலேயே தெரியவில்லையா?

ஏஜென்ட் எல்லாரையும் திருடன் என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். முறையாகப் போய் வீடு கட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இன்னொன்று, இப்படி எழுதினாலே பேராசையில் போய் மாட்டுகிறான் என்று ஒரு கூட்டம் வரும். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கிடைக்கிற நிவாரணம் 8,000 ரூபாய். 2018-ல் இலங்கை சட்டத்தைத் திருத்தி அபராதத்தை ஏற்றியதிலிருந்து, படகு போனால் போனதுதான். இதில் வாழ்ந்து பார்த்துவிட்டு வந்து பேராசை என்று சொல்லட்டும். வங்கிக்குப் போனால் எங்களுக்கு அடகு வைக்க நிலமா இருக்கிறது? கடலைக் காட்டியா கடன் கேட்க முடியும்?

சரி, உன் விஷயம். அந்தச் சொந்தக்காரரிடம் ஏஜென்சியின் பதிவு எண்ணைக் கேள். அரசாங்கத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் போட்டால் உயிரோடு இருக்கிற எண்ணா, காலாவதியா என்று தெரியும். எண் தர மறுத்தால் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதே, ஒரிஜினல் பாஸ்போர்ட்டையும் கொடுக்காதே. தந்தால், உனக்குப் பார்க்கத் தெரியாவிட்டால், எனக்குச் செய்தி அனுப்பு. ராத்திரி கடலுக்குப் போகும் முன் பார்த்துச் சொல்கிறேன்.