ஒரு சர்வரில் இரண்டு டொமைன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் டேனரியின் பெயரில் ஒரு டொமைன் இருக்கிறது. அதற்கான மின்னஞ்சலை, வாடகைக்கு எடுத்த விபிஎஸ் (இணையவழிச் சர்வர்) ஒன்றில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் மென்பொருளை நிறுவி, நாங்களே நடத்தி வருகிறோம். ஷூ அப்பர் தைக்கும் யூனிட்டைத் தனியாகப் பிரித்தபோது அதற்கென்று இன்னொரு டொமைன் வாங்கி, அதே சர்வரில் சேர்த்தோம். புதிய பெயருக்கு வரும் கடிதங்கள் 'ரிலே ஆக்சஸ் டினைட்' என்ற குறிப்புடன் அனுப்பியவருக்கே திரும்பிவிடுகின்றன. அந்தப் பெயரிலிருந்து நாங்கள் அனுப்புபவையோ ஜெர்மனியில் உள்ள வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டிக்குப் போகின்றன. ஒவ்வொரு டொமைனுக்கும் தனி சர்வரும் தனி ஐ.பி. முகவரியும் வேண்டும் என்கிறார் எங்களுக்குக் கணினி வேலை பார்த்துத் தருபவர். அவர் சொல்வது சரியா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: சரியன்று. ஒரே ஐ.பி. முகவரியில் இருக்கும் ஒரே சர்வர் நூற்றுக்கணக்கான டொமைன்களுக்குக் கடிதம் வாங்கவும் அனுப்பவும் முடியும். சர்வருக்கென்று இருக்கும் சொந்தப் பெயர் வேறு, அந்தச் சர்வர் கடிதம் ஏற்கும் டொமைன்கள் வேறு. முன்னது ஒன்றே ஒன்றுதான், பின்னவை எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலரும் தேவையில்லாமல் இரண்டாவது சர்வருக்கு வாடகை கட்டுகிறார்கள்.

சர்வரின் சொந்தப் பெயரை முதலில் பார்ப்போம். போஸ்ட்ஃபிக்ஸில் 'மைஹோஸ்ட்நேம்' என்ற இடத்தில் டேனரி டொமைனின் முன்னால் 'மெயில்' என்று சேர்த்த பெயர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிஎன்எஸ் என்ற இணையப் பெயர்ப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கான 'ஏ' பதிவு உங்கள் ஐ.பி. முகவரியைக் காட்ட வேண்டும்; அதே ஐ.பி. முகவரியின் பிடிஆர் பதிவு திரும்ப அந்தப் பெயரையே காட்ட வேண்டும். பிடிஆர் பதிவை டொமைன் விற்ற நிறுவனத்தின் பக்கத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஐ.பி. முகவரி யாருடையதோ அவர்கள்தான், அதாவது விபிஎஸ் வாடகைக்குக் கொடுத்தவர்கள்தான், அதைப் போட்டுத் தர முடியும். சர்வரில் ஐபிவி6 என்ற புதிய வகை முகவரியும் இயங்கினால் அதற்கும் பிடிஆர் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஜிமெயில் அந்த வழியாக வரும் கடிதங்களை ஏற்காது. இரண்டாவது டொமைனுக்காக இவை எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரு ஐ.பி. முகவரிக்கு இரண்டு பிடிஆர் போடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

அடுத்து, திரும்பிப் போகும் கடிதங்கள். 'ரிலே ஆக்சஸ் டினைட்' என்பதற்கு, 'இந்த டொமைன் என் பொறுப்பில் இல்லை, இதற்கு வரும் கடிதத்தை நான் வாங்க மாட்டேன்' என்று உங்கள் சர்வரே சொல்கிறது என்று பொருள். கடிதம் உங்கள் வாசல்வரை வந்துவிட்டதால், எந்தச் சர்வருக்குக் கடிதம் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு சரியாகவே இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸுக்குத்தான் புதிய பெயர் தெரியவில்லை. 'விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்ஸ்' பட்டியலில் அந்தப் பெயரைச் சேர்த்து, யார் யாருக்குப் பெட்டி உண்டு என்பதையும் எழுதிவிட்டால் கடிதங்கள் வந்து சேரும். ஒரே டொமைனை 'மைடெஸ்டினேஷன்' பட்டியலிலும் இந்தப் பட்டியலிலும் சேர்த்து எழுதக் கூடாது; எழுதினால் லாகில் (சர்வரின் செயல்பதிவில்) போஸ்ட்ஃபிக்ஸ் எச்சரித்துக்கொண்டே இருக்கும்.

ஸ்பேம் பெட்டிக்குப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் கடிதத்தில் சர்வர் இடும் டிஜிட்டல் கையொப்பத்தில் இருக்கும். புதிய டொமைனிலிருந்து உங்களுடைய ஜிமெயில் முகவரி ஒன்றுக்கே ஒரு கடிதம் அனுப்பி, அதைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே எஸ்பிஎஃப் (டொமைனின் பெயரில் அனுப்ப எந்தச் சர்வருக்கு அனுமதி என்ற சோதனை), டிகேஐஎம் (கையொப்பச் சோதனை), டிமார்க் (இவை அனுப்புநரின் டொமைனோடு பொருந்துகின்றனவா என்ற சோதனை) என்ற வரிகள் தெரியும். டிகேஐஎம் வரியில் 'பாஸ்' என்று இருப்பதைப் பார்த்ததும் திருப்தியடைந்துவிடாமல், அதையடுத்து எந்த டொமைனின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே டேனரியின் பெயர் இருந்தால், ஷூ யூனிட்டின் கடிதத்தில் டேனரி கையொப்பமிட்டிருக்கிறது என்று பொருள். கையொப்பம் செல்லும், ஆனால் அனுப்புநர் வரியில் உள்ள டொமைனோடு அது பொருந்தாததால் டிமார்க் சோதனைக்கு உதவாது. கையொப்பமிட ஓப்பன்டிகேஐஎம் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், சைனிங்டேபிள், கீடேபிள் என்ற இரண்டு கோப்புகளிலும் புதிய டொமைனுக்குத் தனி வரி எழுதி, கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பொதுச்சாவியைப் புதிய டொமைனின் டிஎன்எஸ்ஸில் டெக்ஸ்ட் பதிவாகப் போட வேண்டும். 2048 பிட் சாவி 255 எழுத்துகளைத் தாண்டிவிடும் என்பதால், சில பேனல்களில் (டிஎன்எஸ் பதிவுகளை எழுதும் இணையப் பக்கங்களில்) அதை மேற்கோள் குறிக்குள் இரண்டு துண்டுகளாகப் பிரித்து எழுத வேண்டியிருக்கும். இன்னும் சில பேனல்கள் நீங்கள் எழுதும் பெயரின் பின்னால் டொமைனைத் தாமாகவே ஒட்டிவிடும். முழுப் பெயரையும் எழுதினால் டொமைன் இரண்டு முறை வந்து, பதிவு யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

எஸ்பிஎஃப் பதிவும் டிமார்க் பதிவும் புதிய டொமைனுக்குத் தனியாகத் தேவை; பழைய டொமைனில் இருப்பவை இதற்குச் செல்லாது. ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறுபவரின் சர்வர் இரண்டையும் பிழை என்று ஒதுக்கிவிடும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும், யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றையாவது கட்டாயமாக எதிர்பார்க்கின்றன. நீங்கள் இரண்டையும் வைத்துவிடுங்கள். டிமார்க்கை மட்டும் 'நன்' (none, அதாவது நடவடிக்கை வேண்டாம்) என்ற தளர்ந்த நிலையில் தொடங்கி, வரும் அறிக்கைகளைச் சில வாரங்கள் பார்த்துவிட்டுப் பிறகு இறுக்குங்கள்.

கேள்வி: எங்கள் லுங்கி வியாபாரத்தின் இணையதளத்தைப் புதிய நிறுவனம் ஒன்றுக்கு மாற்றினோம். அவர்கள் கேட்டபடி நேம்சர்வரை (டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் சர்வரை) மாற்றியதிலிருந்து மின்னஞ்சல் வருவதே இல்லை. மின்னஞ்சல் சர்வரை நாங்கள் தொடவே இல்லையே?
– வாசகர், குடியாத்தம்

பதில்: நேம்சர்வரை மாற்றும்போது இணையதளத்தின் விலாசம் மட்டும் இடம் மாறுவதில்லை, அந்த டொமைனின் அத்தனை பதிவுகளும் இனிமேல் புதிய இடத்திலிருந்துதான் படிக்கப்படும். பழைய இடத்தில் இருந்த எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் தாமாக இடம் பெயர்வதில்லை. பழைய பேனலில் நுழைந்து அவற்றை எழுத்துப் பிசகாமல் எடுத்துப் புதிய பேனலில் எழுதுங்கள். எம்எக்ஸ் பதிவில் ஐ.பி. முகவரியை எழுதக் கூடாது, சர்வரின் பெயரைத்தான் எழுத வேண்டும். அந்தப் பெயருக்கான 'ஏ' பதிவையும் மறந்துவிடாதீர்கள். உண்மையில், இணையதளத்துக்காக 'ஏ' பதிவை மட்டும் மாற்றியிருந்தாலே போதுமானது. நேம்சர்வரையே மாற்றச் சொல்வது வேலையை அவர்களுக்குச் சுலபமாக்குமே தவிர, உங்களுக்கு அதனால் ஆதாயமில்லை. அனுப்பியவரின் சர்வருக்குத் தற்காலிகத் தடங்கலாகத் தெரிந்திருந்தால், கடிதம் அங்கே வரிசையில் காத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாட்கள் வைத்திருந்து மீண்டும் மீண்டும் முயலும். ஆகவே இன்றே சரிசெய்தால் சில கடிதங்களாவது பிழைக்கும்.

கேள்வி: எங்கள் பதிப்பகத்துக்குத் தமிழிலேயே '.இந்தியா' டொமைன் வாங்கியிருக்கிறோம். அதில் மின்னஞ்சல் வைக்க முடியுமா?
– வாசகர், காட்பாடி

பதில்: முடியும். டிஎன்எஸ்ஸுக்குள் தமிழ்ப் பெயர், 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்து வடிவமாக மாற்றப்பட்டே இருக்கும். பதிவுகளை அந்த வடிவத்தில் எழுதுங்கள். சர்வரின் டொமைன் பட்டியலில் இரு வடிவங்களையும் சேர்ப்பது நல்லது. '@' குறிக்கு முன்னால் வரும் பெயரில்தான் சிக்கல். டொமைனை ஆங்கில எழுத்துக்கு மாற்ற வழியிருப்பதுபோல் அந்தப் பகுதிக்கு இல்லை. அதையும் தமிழில் வைத்தால், வழியில் உள்ள சர்வர்கள் அனைத்தும் முகவரியில் பிறமொழி எழுத்துகளை அனுமதிக்கும் எஸ்எம்டிபியுடிஎஃப்8 என்ற விரிவாக்கத்தை அறிந்திருக்க வேண்டும். ஜிமெயில் 2014 முதலும் போஸ்ட்ஃபிக்ஸ் 2015இல் வந்த 3.0 பதிப்பு முதலும் அதை ஏற்கின்றன. பழைய சர்வர்கள் பல ஏற்பதில்லை. நூலகங்களுக்கும் அலுவலகங்களுக்கும் எழுத வேண்டிய பதிப்பகம் என்பதால், முன்பகுதியை ஆங்கில எழுத்தில் வைத்து டொமைனை மட்டும் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள்.