வீட்டுப் பட்டறைக்கு ஆர்கான் வெல்டிங் மெஷின்: எதைப் பார்த்து வாங்குவது?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வீட்டுக்குப் பின்னால் சின்ன ஷெட் போட்டு, பொழுதுபோக்காக வெல்டிங் பழகி வருகிறேன். கையில் 200 ஆம்ப் இன்வெர்ட்டர் ராடு மெஷின் இருக்கிறது. எம்.எஸ். (சாதாரண இரும்பு) ஸ்டாண்டு, கேட் எல்லாம் நன்றாக வருகிறது. ஆனால் 1.2 மி.மீ. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பைப்பைத் தொட்டால் ஓட்டை விழுகிறது. டிக் மெஷின், அதாவது ஆர்கான் வெல்டிங் மெஷின், வாங்கலாம் என்று போனால், ஏ.சி./டி.சி. பல்ஸ் மெஷின்தான் எடுக்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். இருக்கிற மெஷினில் ஒரு டார்ச் மாட்டினாலே போதும் என்கிறார் நண்பர். எப்போதாவது அலுமினியமும் ஒட்ட ஆசை. வீட்டில் சிங்கிள் பேஸ்தான். எதை வாங்குவது?"

உங்கள் வேலைக்கு டி.சி. மட்டும் தரும் டிக் மெஷின் போதும். 160 அல்லது 200 ஆம்ப். டார்ச் பட்டனை அழுத்தியதும் தொடாமலே ஆர்க் பிடிக்கும் எச்.எஃப். ஸ்டார்ட், மெஷினுக்குள்ளேயே கேஸ் வால்வு, டவுன் ஸ்லோப், போஸ்ட் ஃப்ளோ, பிறகு ஃபுட் பெடல் (ஆம்பைக் காலால் கூட்டிக் குறைப்பது) மாட்ட ஒரு சாக்கெட் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஏ.சி./டி.சி. மெஷினுக்குக் கொடுக்கவிருந்த கூடுதல் பணத்தை நல்ல ரெகுலேட்டருக்கும் சிலிண்டருக்கும் ஹெல்மெட்டுக்கும் ஒதுக்குங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன், ஏனென்றால் கடையில் உங்களிடம் வேறு கணக்குத்தான் பேசுவார்கள்.

ராடு வெல்டிங்கில் சூடும் உலோகமும் ஒன்றாகத்தான் இறங்கும். 2.5 மி.மீ. ராடு ஒழுங்காக எரிய 60 முதல் 80 ஆம்ப் வரை வேண்டும். அந்தச் சூட்டை 1.2 மி.மீ. தகடு தாங்காது. டிக்கில் டார்ச் நுனியில் இருக்கும், உருகாத டங்ஸ்டன் ஊசி சூட்டை மட்டும் தருகிறது, ஃபில்லர் கம்பியை நீங்கள் இன்னொரு கையால், வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு கொடுக்கிறீர்கள். சாதாரண இரும்புக்கு ஒரு மி.மீ. கனத்துக்குச் சுமார் 40 ஆம்ப் என்று வைத்துக்கொள்ளலாம். எஸ்.எஸ். சூட்டைச் சீக்கிரம் கடத்தாது, அதனால் அதற்கு 30 ஆம்ப் அளவே போதும். உங்கள் 1.2 மி.மீ. பைப்புக்கு 35 முதல் 45 ஆம்ப் வரை ஆகும். 3 மி.மீ. இரும்புத் தகடு வரை போனாலும் 120 ஆம்ப்தான். ஆக, மெஷினின் முகப்பில் பெரிதாக எழுதியிருக்கும் 200 என்ற எண்ணை நீங்கள் தொடவே போவதில்லை. கேட்க வேண்டியது கீழ் எண்ணை: எவ்வளவு குறைந்த ஆம்பில் ஆர்க் அலையாமல் நிற்கும்? 5 அல்லது 10 ஆம்பில் நின்றால் நல்ல மெஷின். சில மெஷின்களில் டிஸ்ப்ளே 10 என்று காட்டும், ஆனால் 20-க்குக் கீழே ஆர்க் தள்ளாடும். இதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அடுத்தது முடிக்கும் இடம். புதிதாகப் பழகுபவர்கள் ஆர்க் பிடிப்பதைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். என்னைக் கேட்டால், டிக்கில் மெஷினின் தரம் தெரிவது ஆர்க்கை நிறுத்தும்போதுதான். ஓடிக்கொண்டிருக்கும் உருகிய குழம்பிலிருந்து சட்டென்று கரண்டை எடுத்தால் கடைசியில் ஒரு குழி விழும். அந்தக் குழி நடுவில் மெல்லிய விரிசல் வரலாம், எஸ்.எஸ்.ஸிலும் அலுமினியத்திலும் இதை அடிக்கடி பார்க்கலாம். டவுன் ஸ்லோப் இருந்தால் பட்டனை விட்ட பிறகு ஆம்ப் இரண்டு மூன்று விநாடியில் படிப்படியாக இறங்கும், நீங்கள் ஒரு சொட்டு கம்பி கொடுத்துக் குழியை நிரப்பிவிடலாம். போஸ்ட் ஃப்ளோ என்பது ஆர்க் அணைந்த பிறகும் ஓடும் கேஸ். சிவந்திருக்கும் டங்ஸ்டன் நுனியும் வெல்டின் கடைசிப் பகுதியும் ஆறும்வரை காற்று படாமல் அது காக்கிறது. 10 ஆம்புக்கு ஒரு விநாடி என்பது பழைய கணக்கு, 40 ஆம்பில் ஓட்டினாலும் ஐந்து விநாடிக்குக் குறைக்காதீர்கள். அதுவரை டார்ச்சை அங்கேயே பிடித்திருக்க வேண்டும், உடனே தூக்கிப் பார்க்கும் பழக்கம் ராடு வெல்டிங்கிலிருந்து வருவது.

இந்த இடத்தில்தான் நண்பர் சொன்ன வழி குறைபடுகிறது. அவர் சொல்வது தவறல்ல. கைப்பிடியிலேயே கேஸ் வால்வு உள்ள டார்ச் ஒன்றை ராடு மெஷினின் மைனஸில் மாட்டி, எர்த் கிளாம்பை பிளஸில் மாட்டி, கேஸ் டியூபை நேராக ரெகுலேட்டரில் கொடுத்தால் டிக் ஓடும். 2, 3 மி.மீ. இரும்பில் கைப்பழக்கத்துக்கு அது நல்ல, மலிவான வழி. உங்கள் மெஷினில் லிஃப்ட் டிக் (தொட்டுத் தூக்கி ஆர்க் பிடிப்பது) என்ற செட்டிங் இருந்தால் இன்னும் நல்லது, டங்ஸ்டன் தொடும்போது கரண்ட் குறைவாகவே வரும், நுனி ஒட்டிக்கொள்ளாது. ஆனால் டவுன் ஸ்லோப் கிடையாது. ஆர்க்கை நிறுத்த டார்ச்சை இழுக்க வேண்டும், இழுத்தால் கேஸும் விலகும், சூடான எஸ்.எஸ். மீது காற்று பட்டுக் கறுக்கும். உங்கள் பிரச்சினையே மெல்லிய எஸ்.எஸ். பைப்தான் என்பதால் இதில் நின்றுவிட வேண்டாம். ஆர்க் ராடு, மிக் (கம்பி தானாக வரும் வெல்டிங்), டிக் மூன்றும் ஒரே பெட்டியில் என்று விற்கும் மெஷின்களிலும் பலவற்றில் டிக் பகுதி இந்த லிஃப்ட் வகைதான். கேஸ் வால்வு உள்ளேயே இருக்கிறதா என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

அலுமினியத்துக்கு வருவோம். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதன் மேல் எப்போதும் படிந்திருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். டி.சி. மைனஸில் டார்ச்சை வைத்தால் மேலே தோல் அப்படியே இருக்க, உள்ளே உலோகம் குழம்பாகிச் சரிந்துவிடும். ஏ.சி.யில் கரண்ட் திசை மாறும் ஒவ்வொரு தடவையும், டங்ஸ்டன் பிளஸாக இருக்கும் பாதியில் அந்த ஆக்சைடு உடைந்து விலகுகிறது. அதனால் அலுமினியம் என்றால் ஏ.சி. வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது "எப்போதாவது". வருடத்துக்கு இரண்டு மூன்று துண்டுக்காக டி.சி. மெஷினைவிட அதிக விலையுள்ள, உள்ளே போர்டுகள் அதிகமுள்ள, பழுதானால் செலவு கூடும் மெஷின் தேவையில்லை. ஈரோட்டிலோ பக்கத்தில் கோவையிலோ ஆர்கான் வெல்டிங் கடையில் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். கார், பைக் அலாய் வீலைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பழகும் கையோடு அதைத் தொடாதீர்கள், உயிர் சம்பந்தப்பட்டது. மாறாக, சைக்கிள் கேரியர், அலுமினியப் பெட்டி, படகுப் பாகம் என்று வாராவாரம் அலுமினியம்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் என் பதில் மாறும். அப்போது ஏ.சி. பேலன்ஸ் (பிளஸ், மைனஸ் நேரத்தின் விகிதம்), ஏ.சி. ஃப்ரீக்வென்சி (விநாடிக்கு எத்தனை தடவை திசை மாறுகிறது என்பது) இரண்டையும் மாற்ற முடிகிற மெஷினாக எடுங்கள். இன்னொன்று, பெட்டியில் ஏ.சி. என்று இருந்தால் அது உள்ளே வரும் மின்சாரத்தைச் சொல்கிறதா, டார்ச்சுக்குப் போகும் மின்சாரத்தைச் சொல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கிள் பேஸ் பற்றிப் பயம் வேண்டாம். ஒரே ஆம்பில் டிக் ஆர்க்கின் வோல்டேஜ் ராடு ஆர்க்கைவிட மிகக் குறைவு. 100 ஆம்பில் டிக்குக்குச் சுமார் 14 வோல்ட், ராடுக்குச் சுமார் 24 வோல்ட். மெஷினில் வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 100 ஆம்ப் டிக் 230 வோல்ட் லைனிலிருந்து 11 ஆம்ப் அளவுக்கு இழுக்கும். இப்போது ராடு மெஷின் ஓடுகிற லைனில் இது தாராளமாக ஓடும். தனி லைன், சரியான எர்த், நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிளாக இருந்தால் கனமான ஒயர் ஆகியவை இருந்தால் போதும். கிராமப் பக்கம் மாலையில் வோல்டேஜ் 190-க்கு இறங்கும் இடமாக இருந்தால், மெஷின் எந்த வோல்டேஜ் வரை தாங்கும் என்று அதன் மேல் இருக்கும் விவரத் தகட்டில் பாருங்கள்.

அதே தகட்டில் டியூட்டி சைக்கிளும் இருக்கும். 200 ஆம்பில் 35 சதவீதம் என்றால், பத்து நிமிடத்தில் மூன்றரை நிமிடம் அந்த ஆம்பில் ஓட்டலாம் என்று பொருள். அதே மெஷினை 115 ஆம்ப் அளவில் நிறுத்தாமல் ஓட்டலாம். சர்வதேசத் தரப்படி இதை 40 டிகிரி வெப்பத்தில் சோதிக்க வேண்டும். நம் ஊர் தகர ஷெட்டுக்குப் பொருந்துவது அந்த எண்தான், 25 டிகிரியில் எடுத்த எண் அல்ல. எத்தனை டிகிரி என்றே எழுதாத தகட்டை நான் நம்புவதில்லை.

இப்போது எல்லாரும் கடைசியாக யோசிக்கும் விஷயம், கேஸ். மெஷினுக்கு முன்பே இதை விசாரிக்கச் சொல்வேன். பெரிய ஆர்கான் சிலிண்டரில் 7 கன மீட்டர் கேஸ் இருக்கும். டார்ச்சில் நிமிடத்துக்கு 8 லிட்டர் விட்டால் ஆர்க் எரியும் நேரம் மட்டும் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் வரும், வீட்டு வேலைக்கு மாதக்கணக்கில் போகும். 10 லிட்டர் கொள்ளளவுள்ள சின்ன சிலிண்டரில் ஒன்றரை கன மீட்டர், அதாவது மூன்று மணி நேரம். சின்னதைத் தூக்குவது சுலபம், ஆனால் நிரப்பும் செலவை லிட்டருக்கு வகுத்துப் பார்த்தால் எப்போதும் அதிகமாகத்தான் வரும். சொந்தமாக வாங்குவதாக இருந்தால், அதை நிரப்பித் தரும் ஏஜென்சி உங்கள் ஊரில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கழுத்தில் குத்தியிருக்கும் சோதனைத் தேதியைப் பாருங்கள், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை ஆகியிருக்க வேண்டும். தேதி போன சிலிண்டர் மலிவாகக் கிடைக்கும், நிரப்ப ஆள் கிடைக்காது. மிக் வெல்டிங்குக்கு விற்கும் கார்பன் டை ஆக்சைடு கலந்த கேஸ் டிக்குக்கு உதவாது, டங்ஸ்டன் எரிந்துவிடும். சுத்த ஆர்கான் என்று கேட்டு வாங்குங்கள்.

ரெகுலேட்டரில் பந்து மிதக்கும் கண்ணாடிக்குழாய் வகையை எடுங்கள். நிமிடத்துக்கு 6 முதல் 10 லிட்டர் போதும். வெல்டு கறுக்கிறதே என்று 20 லிட்டருக்குத் திறந்தால் கேஸ் சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும், இன்னும் கறுக்கும். ஷெட்டில் ஓடும் டேபிள் ஃபேனை அணைத்தாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். பைப்பின் உட்பக்கமும் கரடுமுரடாகக் கறுக்கும், சாப்பாடு அல்லது தண்ணீர் போகும் பைப்பாக இருந்தால் இரண்டு முனையையும் டேப்பால் அடைத்து, ஒரு சின்ன ஓட்டை விட்டு, உள்ளேயும் ஆர்கான் விட வேண்டும். கைப்பிடிக் கம்பிக்கு அது அவசியமில்லை.

டார்ச் காற்றில் ஆறும் 17-ஆம் எண் போதும், 26-ஆம் எண் கனம், கை வலிக்கும். டங்ஸ்டன் 1.6 மி.மீ., தங்க நிற அல்லது நீல நிற முனையுள்ள லாந்தனம் கலந்தது. கடையில் சிவப்பு முனைதான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் தோரியம் இருக்கிறது, கதிரியக்கம் உள்ளது, தீட்டும் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. இரண்டும் கிடைக்கும்போது லாந்தனமே மேல். 304 ரக எஸ்.எஸ்.ஸுக்கு 308 எல் ஃபில்லர் கம்பி, எஸ்.எஸ்.ஸை இரும்போடு சேர்க்க 309 எல்.

ஹெல்மெட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். ராடு வெல்டிங்குக்கு நன்றாக இருட்டும் மலிவான தானியங்கி ஹெல்மெட்டுகளில் சில, 30 ஆம்ப் டிக் ஆர்க்கைக் கவனிக்காமல் நடுவில் வெளிறிவிடும். நான்கு சென்சார் உள்ளதாகப் பாருங்கள். டிக்கில் புகை குறைவு, ஆனால் புற ஊதாக் கதிர் கடுமையானது. அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்தால் அன்று இரவே தோல் எரியும். தகட்டைத் துடைக்க அசிட்டோன் போதும், முழுதாக உலர விடுங்கள், டப்பாவைத் தள்ளி வையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் ஆர்க் பிடிக்கவே கூடாது, பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும், மிகக் குறைந்த அளவே நுரையீரலை அழிக்கப் போதும்.

பல்ஸ் (ஆம்ப் தானாக மாறி மாறி ஏறி இறங்கும் வசதி) இருந்தால் நல்லது, இல்லை என்பதற்காக நல்ல மெஷினை விட வேண்டாம். இப்போது கோல்ட் வெல்டிங் என்று விளம்பரம் செய்யும் வசதி, மிகக் குறுகிய நேரம் மட்டும் ஆர்க் விட்டு நிறுத்தும் டிக் ஸ்பாட்தான். மெல்லிய தகட்டை டாக் (இடத்தில் நிற்க வைக்கும் சின்னப் புள்ளி வெல்டு) வைக்க நன்றாக உதவும். பிராண்டைப் பொறுத்தவரை நான் கேட்பது ஒன்றுதான்: போர்டு போனால் எந்த ஊரில் சரிசெய்வார்கள்? ஷெட்டில் எறும்பும் பல்லியும் மெஷினுக்குள் புகுந்து போர்டை ஷார்ட் ஆக்குவது நம் பக்கம் சாதாரணம். கோவையிலாவது சர்வீஸ் இருக்கிறதா என்று போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு பணம் கொடுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்களுடைய 1.2 மி.மீ. பைப் துண்டு இரண்டைக் கொண்டுபோங்கள். 35 ஆம்பில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பத்துத் தடவை பட்டனை அழுத்தினால் பத்துத் தடவையும் ஆர்க் உடனே பிடிக்கிறதா, ஆம்பைக் குறைத்துக்கொண்டே போனால் எங்கே அலைகிறது, நிறுத்தும்போது படிப்படியாக இறங்குகிறதா, ஆர்க் அணைந்த பிறகு கேஸ் எத்தனை விநாடி ஓடுகிறது என்று பாருங்கள். ஆறிய வெல்டு வைக்கோல் நிறத்திலோ பொன்னிறத்திலோ இருந்தால் சரி. சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ இருந்தால் கேஸா, ஆம்பா, ஓட்டியவரின் கையா என்று கேட்டுத் தெளியுங்கள். ஓட்டிக் காட்ட முடியாது என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.